இடப்பக்கத்துப் பட்டை

பழைய காரைச் சீர்செய்கிறவர்களிடம், எந்த வேலை சிரமம் என்று கேட்டுப் பாருங்கள். இஞ்சின் என்று சொல்ல மாட்டார்கள். இஞ்சினுக்குப் புத்தகம் இருக்கிறது. அளவெல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது. துருப்பிடித்த தகட்டை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்டும் ஆளும் நம் நாட்டில் இன்னும் கிடைக்கிறார். அவர்களைப் பெருமூச்சு விட வைப்பவை, கார் ஓடுவதற்குத் துளியும் உதவாத சில சாமான்கள்தான். பக்கவாட்டில் ஓடும் பளபளப்பான பட்டை, பானெட்டின் மூக்கில் உட்கார்ந்திருக்கும் சின்னம், விளக்கைச் சுற்றிய வளையம். இவை இல்லாமலும் கார் ஓடும். ஆனால் தோடு கழற்றிய காது போல, பார்க்கும்போதெல்லாம் ஏதோ குறைகிறது என்று தோன்றும்.

எனக்கு இது தெரிந்தது எங்கள் அப்பாவின் மோரிஸ் மைனரால்.

அப்பா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். 1960ஆம் ஆண்டு மாடல் மோரிஸ் மைனரை 1966இல் பழைய காராக வாங்கினார். இரண்டு கதவு, 948 சிசி இஞ்சின். திரும்பும்போது கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சு நிறக் கைகாட்டி ஒன்று 'டக்' என்று வெளியே நீளும். தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே முச்சந்தியில் காத்திருப்பார்களாம். பானெட்டின் முனையில் ஒரு மாடு அலைகளைக் கடந்து போகிற சின்னம் இருக்கும். 'ஆக்ஸ்' என்றால் மாடு, 'ஃபோர்டு' என்றால் ஆற்றைக் கடக்கும் துறை. அந்தக் கார் பிறந்த ஆக்ஸ்ஃபோர்டின் பெயரைத்தான் அப்படிப் படமாக்கியிருக்கிறார்கள். சிறு வயதில் எனக்கு அதெல்லாம் தெரியாது. அது அப்பாவின் மாட்டுக் கார், அவ்வளவுதான்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த கார் அது. பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெருமை அதற்கு உண்டு. அத்தனை கார்கள் இருந்ததால், இங்கிலாந்தில் இன்றைக்கும் அதற்குப் பாகங்கள் செய்து விற்கிறார்கள். பம்பரா, விளக்கு வளையமா, மாட்டுச் சின்னமா, எல்லாமே பெட்டியில் வந்து சேரும். ஆனால் எங்கள் காரில் எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்று இருந்தது. முன் மட்கார்டில் தொடங்கி, கதவைத் தாண்டி, பின் சக்கரத்துக்கு மேலே முடிகிற ஓர் எவர்சில்வர் பட்டை. பக்கத்துக்கு மூன்று துண்டுகள். முன்துண்டின் நுனியில் அம்பு முனை போல ஒரு சின்ன வார்ப்பு. மோரிஸ் தொழிற்சாலை அப்படி ஒன்றைச் செய்ததில்லை. அதுவும் வலப்பக்கத்தில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. 1986இல் ஒரு பட்டறையில் சாயம் அடிக்கக் கொடுத்தபோது இடப்பக்கத்துப் பட்டை காணாமல் போயிற்று. துளைகளைப் புட்டி வைத்து அடைத்துச் சாயம் பூசிக் கொடுத்துவிட்டார்கள்.

1998இல் அப்பா ஓட்டுவதை நிறுத்தினார். கார் வீட்டுக் கொட்டகையில் நின்றது. 2019இல் அப்பா காலமானார். அதன் பிறகு அண்ணன், அக்கா, நான் மூவரும் உட்கார்ந்து பேசினோம். விற்றுவிடலாம் என்றார் அண்ணன். அவர் மகள் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றவருக்குப் பணத்தேவை இருந்தது. அவர் சொன்னதில் தவறில்லை. பினாங்கிலிருந்து பழைய கார் சேர்க்கும் ஒருவர் வந்து பார்த்தார். நல்லவர், விஷயம் தெரிந்தவர். விலையும் நியாயமாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இருக்க வேண்டும். அந்தப் பட்டைகள் அசல் அல்ல. எடுத்துவிட்டுத் துளைகளை அடைத்துத் தர வேண்டும். பட்டைகளோடு வாங்குவதானால் விலை குறையும்.

அண்ணன் உடனே ஒத்துக்கொண்டார். "அந்தப் பட்டை எனக்கு எப்பவுமே புடிக்காது. எடுத்துரலாம்" என்றார். அவர் சொன்ன வேகம் எனக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்தது.

அசல் என்றால் என்ன என்ற கேள்வியை அன்றைக்குத்தான் முதன்முதலாக யோசித்தேன். தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய நாளில் கார் எப்படி இருந்ததோ அதுதான் அசலா? அப்படியென்றால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது வாழ்ந்த அரை நூற்றாண்டுக்கு என்ன பெயர்?

அம்மாவிடம் கேட்டேன். "அந்தப் பட்டை ஏம்மா போட்டாங்க?"

"காயத்த மறைக்கத்தான்" என்றார் அம்மா.

1972ஆம் ஆண்டு. நல்ல மழை. நடுராத்திரியில் லயத்திலிருந்து ஆள் ஓடி வந்தார். பால்மரம் வெட்டும் பெண்ணொருத்திக்குப் பிரசவ வலி; பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் உண்டு என்று ஆயா சொல்லிவிட்டார். துரையின் காரையும் கிராணியின் காரையும் விட்டால், தோட்டத்தில் வாத்தியார் கார் ஒன்றுதான். பின்னிருக்கையில் அந்தப் பெண்ணையும் ஆயாவையும் ஏற்றிக்கொண்டு அப்பா புறப்பட்டார். தோட்டத்து இரும்புக் கேட்டைத் தாண்டும்போது காரின் இடப்பக்கம் முழுக்க உரசிக்கொண்டது. அப்பா நிறுத்தவில்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்தக் குடும்பம் பிறகு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. எங்கே என்று அம்மாவுக்குத் தெரியாது.

ஈப்போவில் ஒரு சீனர் பட்டறையில் நெளிவை எடுத்தார்கள். ஆனாலும் மட்கார்டிலிருந்து பின்பக்கம் வரை ஒரு கோடு நின்றுவிட்டது. கதவையும் மட்கார்டையும் மாற்றும் வசதி தோட்டப் பள்ளி ஆசிரியருக்கு ஏது? அந்தத் தவுக்கேதான் யோசனை சொன்னாராம்: கோட்டின் மேலே எவர்சில்வர் பட்டை ஒன்று ஓடவிட்டால் மறைந்துவிடும், இரண்டு பக்கமும் போட்டால் பார்க்கவும் ஜோராக இருக்கும். அன்றைய ஈப்போவில் அதெல்லாம் பெரிய காரியம் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு வேண்டிய பாகங்களை வார்த்தும் கடைந்தும் கொடுத்துப் பழகிய கைகள் அந்த ஊரில் நிறைய இருந்தன. 1985இல் உலக ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்படும் வரை, உலோகத்தில் ஈப்போக்காரர்களுக்கு முடியாதது என்று அதிகம் இல்லை.

விற்பதோ வைத்துக்கொள்வதோ, முதலில் பழைய சாயத்தைச் சுரண்டி உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்போம் என்று மூவரும் முடிவு செய்தோம். சாயம் போனதும் அம்மா சொன்னது தகட்டிலேயே தெரிந்தது. இடப்பக்கத்தில் இடுப்பு உயரத்தில் ஒரு நீண்ட பள்ளம். அதன் மேல் வரிசையாக, புட்டி அடைத்த துளைகள். பார்க்க வந்த அண்ணன் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மட்கார்டிலிருந்து பின்பக்கம் வரை நடந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கேட்டத் திறக்க என்னயத்தான் எழுப்பிக் கூட்டிட்டுப் போனாரு" என்றார் பிறகு. "காத்து இழுத்துச்சு. என்னால புடிக்க முடியல. கேட்டு வந்து கார்ல அடிச்சிருச்சு."

1972இல் அண்ணனுக்கு ஒன்பது வயது. நான் பிறக்கவே இல்லை. கேட்டைப் பிடித்திருந்தது யார் என்று அப்பா அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. "ஒரு வார்த்த திட்டல. அந்தப் பட்டையப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தக் கேட்டுதான் ஞாபகம் வரும்" என்றார் அண்ணன். கிளம்பும்போது காரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "போடறதுன்னா ரெண்டு பக்கமும் போடு. ஒத்தப் பக்கம் நல்லா இருக்காது."

அவருடைய பணத்தேவை அதனால் மறைந்துவிடவில்லை. அவர் பங்கை இரண்டு வருடத் தவணையில் நான் வாங்கிக்கொண்டேன். அக்கா தன் பங்கை அம்மா இருக்கும் வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பினாங்குக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நல்ல பஃபிங் சோப்பு எங்கே கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனி வேலை. இல்லாத ஒன்றைச் செய்வதற்கு முதலில், இருப்பது என்ன உலோகம் என்று தெரிய வேண்டும். பளபளப்பதெல்லாம் குரோம் இல்லை. பழைய காரில் நான்கைந்து வகை உண்டு. சுரண்டினால் மஞ்சள் தெரிந்தால் அது முலாம் பூசிய பித்தளை. பரு பருவாகக் கொப்பளித்திருந்தால் பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியது. காந்தம் ஒட்டித் துருவும் இருந்தால் முலாம் பூசிய இரும்பு. கையில் எடுத்தால் காகிதம் போல இலேசாக இருந்தால் அலுமினியம். துருவும் இல்லை, முலாமும் உரியவில்லை என்றால் எவர்சில்வர். அதிலும் இரண்டு சாதி. வீட்டுச் சொம்பு, தட்டுக்குப் பயன்படும் வகையில் குரோமியத்தோடு நிக்கலும் கலந்திருக்கும், காந்தம் ஒட்டாது. நிக்கல் இல்லாத இன்னொரு வகையில் காந்தம் ஒட்டும். தொழிற்சாலைகள் காரின் அலங்காரப் பட்டைகளுக்கு அதை நிறையப் பயன்படுத்தின.

எங்கள் பட்டையின் நடுவில் காந்தம் ஒட்டவில்லை. ஆனால் மடிப்பு விளிம்பில் மட்டும் இலேசாக இழுத்தது. நிக்கல் கலந்த எவர்சில்வரைக் குளிர்ந்த நிலையிலேயே மடக்கினால், மடக்கிய இடத்தில் அதன் உள்கட்டமைப்பு மாறி, கொஞ்சம் காந்தத் தன்மை வந்துவிடும். ஆக, இது சொம்புச் சாதி, கையால் மடக்கியது. 1972இல் அந்தத் தவுக்கே என்ன தகட்டை எடுத்தார், எப்படி மடக்கினார் என்பதை ஐம்பது வருடம் கழித்து ஒரு காந்தம் சொல்லிவிட்டது.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. விசாரித்து, ஈப்போவிலேயே எழுபது வயதைத் தாண்டிய ஓர் அங்கிளைப் பிடித்தேன். இப்போது அவர் செய்வது சாப்பாட்டுக் கடைகளுக்கான எவர்சில்வர் மேசைகளும் அடுப்புக்கு மேலே மாட்டும் புகைக்கூண்டுகளும்தான். வலப்பக்கத்துப் பட்டையைக் கையில் வாங்கி, வெளிப்பக்கத்தைப் பார்க்காமல் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சுத்தியல் தடங்கள் அங்கேதான் இருக்கும். "போலே" என்றார். ஒரே வார்த்தை.

வலப்பக்கம் இருக்கிறதே, அதைப் பார்த்து அப்படியே செய்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். முடியாது. பட்டையின் மேல்தோள் உருண்டது, கீழ் விளிம்பு தட்டை. அதை அப்படியே நகலெடுத்தால் இரண்டாவது வலப்பக்கம்தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பம். சீப்புப் பல் போல ஊசிகள் நகரும் ஓர் அளவுக் கருவியைப் பட்டையின் மேல் அழுத்தி, அதன் குறுக்கு வடிவத்தை அட்டையில் வரைந்து வெட்டி, அந்த அட்டையைத் திருப்பிப் போட்டு அங்கிள் வேலையைத் தொடங்கினார். தகட்டின் கனம் 0.6 மில்லிமீட்டர். பட்டையின் அகலம் 25 மில்லிமீட்டர்.

துளைகளும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இல்லை. அந்தக் காலத்தில் நாடா வைத்துக் கையால் குறித்திருக்கிறார்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் முன்னே பின்னே இருந்தது. கோடு எப்படி ஓடியதோ அதைத் தொடர்ந்து இடப்பக்கத்துத் துளைகள் போயிருந்தன. எனவே நீளத்துக்கு வலப்பக்கத்துப் பட்டையையும், இடத்துக்கு இடப்பக்கத்துக் காயத்தையும் அளவாக வைத்துக்கொண்டோம்.

கெட்டி மரத்தில் பட்டையின் உள்வடிவத்தைச் செதுக்கி, அதன் மேல் தகட்டை வைத்து, நைலான் சுத்தியலால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சிறிது சிறிதாக இறக்கிக்கொண்டே போனார். எவர்சில்வருக்குப் பிடிவாதம் அதிகம். மடக்கிவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் பழைய இடத்துக்கே திரும்பும். 90 பாகை வேண்டுமென்றால் அதைவிட இரண்டு மூன்று பாகை கூடுதலாக மடக்க வேண்டும். அடிக்க அடிக்க இறுகும் குணமும் அதற்கு உண்டு. தயங்கித் தயங்கிப் பத்து அடி அடிப்பதைவிட, சரியான இடத்தில் மூன்று அடி மேல். முதல் துண்டை அங்கிள் தூக்கி எறிந்துவிட்டார். அது எனக்கு நன்றாகத்தான் தெரிந்தது. அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்துக் காட்டினார். நேராக ஓட வேண்டிய குழல் விளக்கின் பிம்பம் நடுவில் பாம்பு போல நெளிந்தது. பளபளப்பான உலோகத்தில் கண் பார்ப்பது உலோகத்தை அல்ல, அதில் விழும் பிம்பத்தை. தொட்டால் தெரியாத குழி, பிம்பத்தில் தெரிந்துவிடும்.

மெருகேற்றுவதுதான் ஆபத்தான வேலை. முதலில் உப்புத்தாளில் 180, 320, 600 என்று சொரசொரப்பைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால்தான் முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெரியும். பிறகு துணிச் சக்கரமும் பஃபிங் சோப்பும். சுழலும் சக்கரம் பட்டையின் விளிம்பைக் கவ்வினால் போதும், கத்தி போலப் பிடுங்கி எறிந்துவிடும். அதனால் பட்டையை ஒரு மரச்சட்டத்தில் இறுக்கிவைத்து, சக்கரம் விளிம்பை நோக்கி ஏறாமல் விளிம்பைத் தாண்டி இறங்கும்படி பிடிக்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலும் தகடு சூடாகி, நிறம் மாறி, முறுக்கிக்கொள்ளும். அங்கிள் என்னை இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னார். பேச்சுக் கொடுக்கவும் விடவில்லை.

அம்பு முனையைத் தகட்டில் மடக்க முடியாது, வார்க்கத்தான் வேண்டும். அக்காவின் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். "மாமா, ஸ்கேன் பண்ணி ஒரு பட்டன் தட்டினா இடப்பக்கம் வந்துரும்" என்றான். வந்தது. பளபளப்பான பொருளை முப்பரிமாண ஸ்கேன் கருவிக்குச் சரியாகப் பார்க்கத் தெரியாது, வெளிச்சம் சிதறிவிடும். அதற்கு அவன் செய்த வைத்தியம், முனைக்குக் குழந்தைப் பவுடர் பூசியது. கணினியில் பிம்பத்தைத் திருப்பி, எரித்தால் சாம்பல் மிஞ்சாத பிசினில் அச்சிட்டும் கொண்டுவந்துவிட்டான்.

அதைக் கிள்ளானில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்துகொடுக்கும் பத்தரிடம் எடுத்துப் போனோம். நகை வார்ப்பதும் இதுவும் ஒரே முறைதான். மெழுகிலோ அந்தப் பிசினிலோ உருவம் செய்து, அதைச் சுற்றிப் பிளாஸ்டர் ஊற்றி, சூளையில் வைத்தால் உள்ளே இருப்பது எரிந்து போய்விடும். அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுவார்கள். பத்தர் பழைய முனையையும் புதிய அச்சையும் மாற்றி மாற்றிக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தம்பி, இது முனைக்குப் படி இல்ல. தேஞ்ச முனைக்குப் படி" என்றார். "இந்த நடு மேடு இன்னும் ஒசரமா இருந்திருக்கும். வருசக்கணக்கா தொடைச்சுத் தொடைச்சுத் தேஞ்சிருக்கு. மிசின் தேஞ்சதையும் சேத்து எடுத்திருக்கு. ஒங்களுக்கு எந்த நாளோட உருவம் வேணும், சொல்லுங்க."

நான் நினைத்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா பழைய வேட்டித் துணியைக் கிழித்து அந்தப் பட்டையைத் துடைப்பார். வலக்கைக்காரர், முன்னிருந்து பின்னுக்கு இழுப்பார். அந்த மேடு தேய்ந்தது அதனால்தான் என்று எனக்குத் தெரியும். அந்தத் தேய்மானத்தை இடப்பக்கத்துக்கும் வார்த்து வைத்தால், பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் இடப்பக்கத்தின் பழைய முனை 1986இலேயே தொலைந்துவிட்டது. பிறகு பன்னிரண்டு வருடம் அப்பா துடைத்தது வலப்பக்கத்தை மட்டும்தான். புதிய முனையை அவர் தொட்டதே இல்லை. அவர் கைபட்ட தடத்தை அச்சில் வார்த்துப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

"புதுசு எப்படி இருந்திருக்குமோ அப்படிச் செய்யுங்க, ஐயா" என்றேன்.

பத்தர் தலையசைத்துவிட்டு, மேட்டின் மேல் சொட்டுச் சொட்டாக மெழுகு ஏற்றிச் செதுக்கினார். பித்தளை ஆறும்போது சுருங்கும். 62 மில்லிமீட்டர் நீள முனைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் போய்விடும். அதற்காகப் பையன் அச்சைத் திரும்பவும் கொஞ்சம் பெரிதாக எடுத்துக் கொடுத்திருந்தான். வார்த்து எடுத்ததைப் பக்கத்தில் வைத்து அளந்தபோது சரியாக இருந்தது. கணினியும் கண்ணும் சேர்ந்துதான் அதைச் செய்தன. எது ஒன்று இல்லாவிட்டாலும் வந்திருக்காது.

கடைசியாக முலாம். குரோம் என்றால் தடித்த வெள்ளிப் பூச்சு என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அலங்காரக் குரோம், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. முதலில் செம்பு, அதன் மேல் நிக்கல், அதன் மேல்தான் மெல்லிய குரோம். பளபளப்பைத் தருவது பெரும்பாலும் நிக்கலும், அதற்கு அடியில் உலோகத்தை எவ்வளவு நன்றாக மெருகேற்றினோம் என்பதும்தான். குரோம் அதற்கு ஒரு நீல ஓட்டத்தையும் கெட்டித் தன்மையையும் சேர்க்கிறது. அடியில் கீறல் இருந்தால் மேலே எத்தனை பூச்சுப் பூசினாலும் அது மறையாது. இன்னும் துலக்கமாகத் தெரியும். இந்த வேலைக்குக் காலங்காலமாகப் பயன்படும் குரோமியக் கரைசல் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. அதன் கழிவைச் சாக்கடையில் ஊற்ற முடியாது. 2005ஆம் ஆண்டின் கழிவு விதிமுறைகளின்படிதான் அகற்ற வேண்டும். ஷா ஆலமில் நான் போன முலாம் பட்டறையில் ஒரு முனைக்காகத் தொட்டியை இயக்க மாட்டோம் என்றார்கள். பம்பர்களையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள்.

பட்டையைப் பொருத்துவதற்கு முன் துளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காரில் துரு பிடிக்கத் தொடங்கும் இடங்களில் இந்தத் துளைகள் முக்கியமானவை. பட்டைக்குப் பின்னால் தண்ணீர் தங்கும்; நம் நாட்டு மழைக்குச் சொல்லவே வேண்டாம். எவர்சில்வரும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அரிக்கப்படுவது இரும்புதான். துளையின் விளிம்புக்கும் துருத்தடுப்புச் சாயம் பூசி, நைலான் கிளிப் போட்டு, பின்னால் மெழுகு அடித்தோம். பின்பக்கத் துண்டு, கதவுத் துண்டு, முன் துண்டு என்ற வரிசையில் மாட்டினோம். கதவை மூடினால் மூன்றும் ஒரே கோடாக ஓட வேண்டும். கதவுத் துண்டைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, ஒரு பிற்பகல் முழுவதும் போயிற்று.

நேராக நின்று பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. வலப்பக்கத்தில் துணித்தடமும் மங்கலும் இருக்கின்றன. அதை மீண்டும் மெருகேற்றிப் புதிதாக்கிவிடலாம் என்று முலாம் பட்டறையில் சொன்னார்கள். வேண்டாம் என்று சோப்புத் தண்ணீரில் கழுவியதோடு விட்டுவிட்டேன். செலவு என்ன என்று கேட்பவர்களுக்கு: மூன்று துண்டுகளுக்கும் ஒரு முனைக்கும் ஆன பணத்தில், இங்கிலாந்திலிருந்து நல்ல பம்பர் ஒன்று வாங்கியிருக்கலாம். விலை மதிப்பு கூடவும் இல்லை. பினாங்குக்காரர் சொன்னபடி பார்த்தால் குறைந்திருக்கிறது.

வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை. பட்டறைக்கு விடும் முன் இரண்டு பக்கமும், ஒவ்வொரு பட்டையையும் சின்னத்தையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றியவற்றைப் பட்டறையில் விடாமல் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். உடைந்ததையும் எறியாதீர்கள், உடைந்த துண்டு ஒன்று இருந்தால் போதும், முழுசு செய்துவிடலாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், இது ஏன் இங்கே இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மாட்டுவதற்கு முன் அங்கிள் கதவுத் துண்டைத் திருப்பிப் பிடித்தார். உள்பக்கத்தில் கூரான ஊசியால் ஏதோ பொறிக்கப் போனார். செய்தவர் தன் அடையாளத்தை வைப்பது வழக்கம் என்றார். பின்னாளில் யாராவது கழற்றினால் இது பழையதா, பிறகு செய்ததா என்று குழம்பக்கூடாது என்பதற்காகவும்தான். அவர் சீனத்தில் தன் குடும்பப் பெயரை எழுதினார். ஊசியை வாங்கி, அதற்குக் கீழே நான் தமிழில் எழுதினேன்: 'நகல். ஈப்போ, 2023. முதல் பட்டை 1972.' பிறகு அண்ணன் ஊசியைக் கேட்டு வாங்கினார். அவர் எழுதியதை நான் பார்க்கவில்லை. பட்டை இப்போது கதவில் இருக்கிறது.